ஒரு குறள் அளவு நினைவகம்

திருக்குறளின் முதல் குறளைக் கைபேசியில் அடித்துச் சேமித்தால், சொற்களுக்கு நடுவே விடும் வெளியையும் சேர்த்து 123 பைட் இடம் எடுக்கும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்பது இன்று பரவலாக உள்ள சேமிப்பு முறையின் கணக்கு. 1977-இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் கடைகளுக்குக் கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டியின் மொத்த நினைவகம் 128 பைட். ஏழு சீரையும் வைத்தபின் மிச்சம் 5 பைட்.

ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார், எதிரி எங்கே, குண்டு எந்தத் திசையில் போகிறது, மதிப்பெண் எவ்வளவு, இன்னும் எத்தனை உயிர் பாக்கி என்று ஆட்டத்தின்போது மாறிக்கொண்டே இருக்கும் அத்தனை விவரமும் அந்த 128 பைட்டுக்குள் அடங்கியாக வேண்டும். மாறாத கட்டளைகளும் படங்களும் தனியாகக் கார்ட்ரிட்ஜில் இருந்தன. அங்கும் தாராளம் இல்லை. பெட்டியோடு கொடுக்கப்பட்ட ‘காம்பாட்’ என்ற டாங்கிச் சண்டை ஆட்டம் 2 கிலோபைட்தான். பின்னால் அட்டாரி 2600 என்று பெயர் பெற்ற இந்தப் பெட்டி சுமார் 3 கோடி விற்றது. வீடியோ கேம் வடிவமைப்பு என்ற தொழிலின் பல பழக்கங்கள் இதன் நெருக்கடியில் பிறந்தவை.

அந்த நெருக்கடியைப் புரிந்துகொள்ள, பிக்சர் டியூப் டிவி எப்படிப் படம் காட்டியது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். டியூபின் பின்பக்கத்திலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான் கற்றை, திரையின் இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரம்வரை ஒரு கோடு இழுக்கும். அப்புறம் அடுத்த கோட்டுக்கு இறங்கும். கைத்தறியில் ஊடை ஒவ்வொன்றாக விழுந்து சேலை வளர்வதைப் போலத்தான் படம் மேலிருந்து கீழாக வளர்ந்தது. அமெரிக்க டிவியில் ஒரு படத்துக்கு 262 கோடு, நொடிக்கு 60 படம்.

கணினி இப்படிப்பட்ட டிவிக்குப் படம் அனுப்ப எளிய வழி ஒன்று உண்டு. முழுப் படத்தையும் முதலில் நினைவகத்தில் வரைந்து வைத்துவிட்டு, கற்றை போகும் வேகத்துக்கு எடுத்துக் கொடுக்கலாம். அட்டாரி காட்டிய படம் அகலத்தில் 160 புள்ளி, உயரத்தில் வழக்கமாக 192 கோடு. கறுப்பு, வெள்ளை என்று இரண்டே நிறத்தில் சேமித்தாலும் அதற்கு 3,840 பைட் வேண்டும். பெட்டியில் இருந்ததைப் போல 30 மடங்கு. நினைவக சிப் விலை அதிகமாக இருந்த காலம். பெட்டியின் விலையோ 199 டாலர். ஆகவே அட்டாரியின் பொறியாளர்கள் அந்த வழியைக் கைவிட்டார்கள். அவர்கள் வடிவமைத்த டிஐஏ என்ற சிப்புக்கு முழுப் படம் எதுவும் தெரியாது. அந்தக் கணத்தில் போகும் ஒரே ஒரு கோடு மட்டும் தெரியும். அடுத்த கோட்டில் வேறு ஏதாவது தெரிய வேண்டுமானால், கற்றை அங்கே போய்ச் சேர்வதற்குள் புரோகிராம் சிப்பிடம் சொல்லியாக வேண்டும். தறியில் ஊடைக்கு ஊடை நூலை மாற்றிக்கொண்டே, நொடிக்கு 60 சேலை நெய்வதைப் போன்ற வேலை அது.

ஒரு கோடு போய் முடிவதற்குள் ப்ராசஸருக்குக் கிடைப்பது 76 துடிப்பு. மிகச் சிறிய கட்டளைக்கே 2 துடிப்பு ஆகும். பெரும்பாலானவற்றுக்கு 3, 4. அப்படியானால் கோட்டுக்கு இருபத்தைந்து கட்டளைகூடச் சிரமம். ஒன்று அதிகமானால் படம் கலைந்து உருளும். எதிரியை நகர்த்துவது, மோதலைச் சரிபார்ப்பது, மதிப்பெண் கூட்டுவது எல்லாம் படம் தெரியாத நேரத்தில்தான் நடக்கும். மேலும் கீழும் திரைக்கு வெளியே போகும் சுமார் 70 கோட்டின் நேரம் அதற்கு. கீழே ஒரு படம் முடிந்து மேலே அடுத்தது தொடங்கும் அந்த இடைவெளியில் மூச்சு வாங்கிக்கொண்டு யோசித்து, பிறகு மறுபடி ஓட வேண்டும்.

சிப்புக்கு வரையத் தெரிந்த பொருள்களும் கைவிரலில் எண்ணக்கூடியவை. 8 புள்ளி அகலமுள்ள உருவம் இரண்டு, குண்டு இரண்டு, பந்து ஒன்று, பின்புலச் சுவர் ஒன்று. ‘பாங்’ என்ற பந்தடி ஆட்டத்தையும் ‘டாங்க்’ என்ற சண்டை ஆட்டத்தையும் மனத்தில் வைத்துச் செய்த பட்டியல் இது. இருவர் எதிரெதிரே நின்று ஆடும் ஆட்டத்துக்கு இதுவே போதும். பின்புலச் சுவருக்குப் பாதித் திரைக்கான 20 இலக்கங்கள்தான் உண்டு. மறுபாதி, முதல் பாதியின் நகலாகவோ கண்ணாடிப் பிம்பமாகவோ வரும். அட்டாரியின் பழைய ஆட்டங்களில் கோட்டைகளும் புதிர்ப்பாதைகளும் இடமும் வலமும் ஒன்றுபோல இருப்பது இதனால்தான்.

இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு ‘இதில் வேறு என்ன முடியும்?’ என்று கேட்டவர்களில் ஒருவர் வாரன் ராபினெட். பெரிய கணினிகளில் எழுத்து வடிவில் மட்டுமே ஆடப்பட்டு வந்த குகைப் பயண ஆட்டம் ஒன்றைப் படமாக மாற்ற அவர் நினைத்தார். 1980-இல் வெளியான அவருடைய ‘அட்வென்ச்சர்’ ஆட்டத்தில் நாயகனுக்கு முகம் இல்லை, கை கால் இல்லை; ஒரு சதுரம், அவ்வளவே. ராபினெட் நாயகனைப் பந்தாக வைத்துவிட்டார். அப்படிச் செய்ததால் இரண்டு உருவ இடங்களும் டிராகனுக்கும் வாளுக்கும் சாவிக்கும் மிச்சமாயின. பந்துக்குச் சொந்த நிறம் கிடையாது, சுவரின் நிறம்தான் அதற்கும். அதனால் அறைக்கு அறை நாயகனின் நிறம் மாறும். சிறுவயதில் இதை ஆடியவர்கள் அதை மந்திரக் கோட்டைகளின் இயல்பு என்றே எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அறையில் இரண்டுக்கு மேல் பொருள் சேர்ந்தால் அவற்றை மாறி மாறிக் காட்ட வேண்டியிருந்தது, படம் மினுங்கியது. ஆனால் எந்தப் பொருள் எந்த அறையில், எந்த இடத்தில் என்ற குறிப்புக்குச் சில பைட்டே போதும் என்பதால், திரையில் தெரியாத பொருளுக்கும் ராபினெட் வாழ்வு கொடுக்க முடிந்தது. ஆட்டக்காரர் பார்க்காத அறைகளிலும் ஒரு வௌவால் பறந்துகொண்டே இருக்கும். பொருள்களைத் திருடி வேறெங்காவது போட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாதபோதும் நடந்துகொண்டிருக்கும் உலகம் ஒன்று 128 பைட்டுக்குள் உருவாகியிருந்தது. அன்று அட்டாரி தன் ஆட்டங்களை எழுதியவர்களின் பெயரை வெளியிடவில்லை. ராபினெட் யாரிடமும் சொல்லாமல் தன் பெயரை ஒளிரும் எழுத்தில் ஓர் இரகசிய அறையில் வைத்தார். ஒவ்வொரு பைட்டுக்கும் கணக்குப் பார்த்த கார்ட்ரிட்ஜில் ஒரு மனிதர் தன் பெயருக்கு இடம் ஒதுக்கினார் என்பதிலேயே, அந்தப் பெயர் அவருக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பது தெரிகிறது.

பெயர் இல்லாமல் உழைக்க மறுத்த வேறு நால்வர் 1979-இல் வெளியேறி ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் இருந்தனர். அவர்களில் டேவிட் கிரேன் ஒருவர். அவர் எழுதிய ‘பிட்ஃபால்’ 1982-இல் வந்தது. காட்டில் ஓடி, குழிகளைத் தாண்டி, கொடியில் ஊசலாடிப் புதையல் தேடும் ஆட்டம். காகிதத்தில் அதன் கருவை வரைய 10 நிமிடம் ஆனது, நிரலாக்க சுமார் 1,000 மணி நேரம் ஆனது என்று கிரேன் சொல்லியிருக்கிறார். காட்டில் மொத்தம் 255 திரைகள். ஒவ்வொன்றையும் வரைந்து வைக்க 4 கிலோபைட் கார்ட்ரிட்ஜில் இடம் ஏது? கிரேன் எதையும் வரைந்து வைக்கவில்லை. ஒரே ஒரு பைட்டை எடுத்துக்கொண்டார். அதன் 8 இலக்கங்களையும் ஒரு பக்கம் தள்ளி, காலியான இடத்தில் வேறு சில இலக்கங்களைக் கூட்டிக் கிடைத்த விடையை வைத்தால் அடுத்த எண் வரும். இப்படி 255 முறை செய்த பிறகுதான் முதல் எண் திரும்பி வரும். எண்ணின் சில இலக்கங்கள் மரம் எங்கே என்பதைத் தீர்மானிக்கும். சில இலக்கங்கள் குழியா முதலையா என்பதை. கணக்கைப் பின்னோக்கியும் போடலாம் என்பதால் ஆட்டக்காரர் இடப்பக்கமாகவும் ஓடலாம். காடு முழுவதும் ஒரு சூத்திரத்துக்குள் சுருண்டு கிடந்தது.

ஹோவர்டு ஸ்காட் வார்ஷா அதே ஆண்டு செய்த ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ இன்னும் ஒரு படி போனது. அதன் திரை நடுவே வண்ணப் பொறிகள் சிதறும் பட்டை ஒன்று உண்டு. அந்தப் பொறிகளைச் சேமிக்கத் தனி இடம் இல்லை. ஆட்டத்தின் கட்டளைகளையே எடுத்துப் படமாகத் திரையில் கொட்டினார் வார்ஷா. ஆட்டக்காரர் பறந்து கடந்தது அந்த ஆட்டத்தின் நிரலையே.

இந்த வெற்றிகளை மட்டும் சொன்னால் கதை பொய்யாகிவிடும். அதே 1982-இல் ‘பாக்-மேன்’ அட்டாரிக்கு வந்தது. கடைகளில் காசு போட்டு ஆடும் எந்திரத்துக்காக ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி உருவாக்கிய ஆட்டம் அது. நான்கு பேய்கள், ஒரு நாயகன், வளைந்து வளைந்து போகும் பாதை. இரண்டு உருவம் மட்டுமே தெரிந்த சிப்புக்கு இந்தக் கூட்டம் தாங்காது. 4 கிலோபைட்டுக்குள் அதை அடக்கச் சொல்லிவிட்டார்கள். நான்கு பேய்களையும் ஒரு படத்துக்கு ஒன்றாக முறை வைத்துக் காட்ட வேண்டியிருந்ததால் அவை கண் கூசும்படி மினுங்கின. நிறம் வேறு, ஓசை வேறு, பாதை வேறு. லட்சக்கணக்கில் விற்றாலும், வாங்கியவர்களின் ஏமாற்றம் அதைவிடப் பேர்போனது. பின்னால் வந்த ‘மிஸ் பாக்-மேன்’ அதே பெட்டியில் 8 கிலோபைட்டோடு எவ்வளவோ மேலாக இருந்தது.

வரம்பு இருந்தால் கற்பனை ஊறும் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பாக்-மேனுக்கும் அதே வரம்புதான் இருந்தது. ராபினெட்டும் கிரேனும் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கி ஆட்டத்தை நோக்கி நடந்தார்கள். பாக்-மேன் வேறொரு எந்திரத்தில் ஏற்கெனவே முடிந்துபோன ஆட்டம். அதை எடுத்து வந்து இதற்குள் திணித்தார்கள். வடிவமைப்பு என்ற வேலைக்கே அங்கே இடம் கொடுக்கப்படவில்லை.

முதல் வகை வேலைக்கு ஜப்பானில் இதற்குச் சற்று முன்பே பெரிய உதாரணம் ஒன்று இருந்தது. டைட்டோ நிறுவனத்தின் டொமொஹிரோ நிஷிகாடோ 1978-இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தை வடிவமைத்தார். அது ஓடும் எந்திரத்தையும் அவரே வடிவமைத்தார். வரிசைக்கு 11 என்று 5 வரிசையில் 55 வேற்றுக்கிரக எதிரிகள் இறங்கி வருவார்கள். உள்ளே இருந்த இன்டெல் 8080 ப்ராசஸரால் 55 பேரையும் ஒரே நேரத்தில் நகர்த்த முடியவில்லை. ஒரு படத்துக்கு ஒருவர் என்று முறை வைத்தே நகர்த்தியது. ஆகவே முழுப் படையும் ஓர் அடி வைக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். பாதிப் பேரைச் சுட்டு வீழ்த்தியதும் முறை இரண்டு மடங்கு சீக்கிரமாக வரும். கடைசி ஒருவன் மட்டும் மிஞ்சும்போது ஒவ்வொரு படத்துக்கும் அவன் முறைதான். திரையில் பாய்ந்து ஓடுவான். யாரும் திட்டமிட்டு எழுதாத வேகம் அது. நிஷிகாடோ அதைக் குறை என்று திருத்திவிடாமல், அதிலுள்ள பதற்றத்தைப் புரிந்துகொண்டு அப்படியே வைத்தார். ஆடுபவர் ஜெயிக்க ஜெயிக்க ஆட்டம் கடினமாகும் என்ற விதி அதற்குப் பிறகு எண்ணற்ற ஆட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

உலகத்தில் அதிகம் பேருக்குத் தெரிந்த வீடியோ கேம் முகம் மாரியோவுடையது. 1981-இல் ‘டாங்கி காங்’ ஆட்டத்துக்காக அவனை வரைந்த ஷிகேரு மியமோட்டோ தொழில்துறை வடிவமைப்பு பயின்றவர். அவருக்குக் கிடைத்த கட்டம் 16 புள்ளிக்கு 16 புள்ளி. அதில் வாய் வரைந்தால் வாயாகத் தெரியாது. மூக்கைப் பெரிதாக்கி அதன் கீழே மீசை வைத்தார். ஓடும்போதும் விழும்போதும் முடி அசைய வேண்டுமே என்ற தொல்லையைத் தொப்பி தீர்த்தது. கை வீசுவது தெரிய வேண்டுமானால் சட்டைக்கும் கைக்கும் நிறம் வேறாக இருக்க வேண்டும். அதற்காகத் தோள்பட்டை வைத்த ஓவரால் வந்தது. ஓவரால் போட்டதால் அவன் உழைப்பாளி ஆனான். இன்று லட்சக்கணக்கான புள்ளிகளில் வரையப்படும்போதும் அவன் அந்தத் தொப்பியைக் கழற்றவில்லை.

நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் விற்கத் தொடங்கிய ஃபேமிகாம் பெட்டி, அட்டாரியோடு ஒப்பிட்டால் மாளிகை: 2 கிலோபைட் நினைவகம், திரையில் 64 சிறு உருவங்கள். ஆனால் ஒரே கோட்டில் 8 உருவத்துக்கு மேல் தெரியாது. மாரியோவின் அகலத்துக்கே இரண்டு வேண்டும். அப்படியானால் அவன் அளவு ஆட்கள் நான்கு பேர் ஒரே மட்டத்தில் நின்றால் கணக்கு முடிந்தது. ஐந்தாவது ஆள் வந்தால் யாராவது மறைந்தாக வேண்டும். எப்போதும் ஒருவனே மறையாமல் இருக்கப் பல ஆட்டங்கள் வரிசையை மாற்றி மாற்றிக் காட்டின. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு ‘டிவி கேம்’ என்று வந்து சேர்ந்த பெட்டிகள் பெரும்பாலும் இந்த ஃபேமிகாமின் நகல்களே. செருகும் கார்ட்ரிட்ஜை இங்கே ‘கேசட்’ என்றார்கள். ஜப்பானியர்களும் அதைக் ‘கசெட்டோ’ என்றே சொன்னார்கள். திரையில் எதிரிகள் கூடும்போது உருவங்கள் மினுங்குவதைப் பார்த்த பிள்ளைகள் கேசட்டைக் கழற்றி ஊதிப் போட்டதுண்டு. பழுது கேசட்டில் இல்லை; கோட்டுக்கு 8 என்ற அந்தக் கணக்குத்தான்.

1985-இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழுவதும் 40 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு சாதாரண புகைப்படம் இதைவிடப் பல மடங்கு பெரியது. அதன் சிக்கனத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு மூலையிலும் யாரோ ஒருவரின் கைவேலை தெரியும். வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம். மேலே வெள்ளை, கீழே பச்சை. தத்தித் தத்தி நடந்து வரும் கூம்பா என்ற எதிரி கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டவன். அவனுக்குக் கிடைத்தது ஒரே படம். அதை இடம் வலமாகப் புரட்டிப் புரட்டிக் காட்டினால் நடப்பதுபோல இருந்தது. தரை, குழாய், செங்கல் எல்லாம் படமாக அல்லாமல், ‘இந்த இடத்தில் இது’ என்ற 2 பைட் குறிப்புகளாகச் சேமிக்கப்பட்டன. இசையமைத்த கோஜி கோண்டோவிடம் இருந்தது மெட்டுக்கு மூன்று குரல், தாளத்துக்கு ஓர் இரைச்சல். மாரியோ குதிக்கும் ஓசைக்கும் அதே குரல்களில் ஒன்றைத்தான் கடன் வாங்க வேண்டும். அவன் குதிக்கும்போதெல்லாம் இசையின் ஓர் இழை ஒரு கணம் நின்று தொடரும். கவனித்துக் கேட்டாலொழியத் தெரியாது. மெட்டு அவ்வளவு உறுதியாக இருந்தது.

இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ கணினியில் ஒரு பிரபஞ்சத்தையே வைத்தார்கள். 1984-இல் வெளியான ‘எலீட்’ ஆட்டத்தில் நட்சத்திர மண்டலம் 8, மண்டலத்துக்கு 256 கிரகம். பெயர், அரசாட்சி, விலைவாசி எல்லாம் 6 பைட் விதையிலிருந்து கணக்குப் போட்டு முளைத்தவை. அந்தக் கணக்கை வைத்துக் கோடானுகோடி மண்டலங்களை உருவாக்கலாம் என்று இருவரும் சொன்னபோது, பதிப்பாளர் எட்டோடு நிறுத்தச் சொன்னார். அத்தனையையும் காட்டினால் எல்லாம் ஒரே அச்சு என்பது அம்பலமாகிவிடும். எந்திரம் அனுமதித்ததையும் குறைத்துக்கொண்ட அந்த முடிவு நல்ல முடிவு.

சில நேரம் வன்பொருளின் குறை, ஆட்டத்தின் அறத்தையே மாற்றிவிட்டது. 1987-இல் கொனாமி நிறுவனத்தின் இளைஞர் ஹிடியோ கோஜிமாவிடம் எம்எஸ்எக்ஸ்2 கணினிக்கு ஒரு போர் ஆட்டம் செய்யும் வேலை வந்தது. அந்தக் கணினியிலும் கோட்டுக்கு 8 உருவம்தான். நாயகன், நாலைந்து எதிரிகள், ஆளுக்குச் சில குண்டுகள் என்று சேர்ந்தால் பாதி மறைந்துவிடும். பக்கவாட்டில் திரை வழுக்கி நகர்வதற்கும் அதில் வசதி இல்லை. சண்டையே போட முடியாத எந்திரத்தில் போர் ஆட்டம் செய்வது எப்படி? எதிரி கண்ணில் படாமல் ஒளிந்து போவதையே ஆட்டமாக்கினார் கோஜிமா. ‘மெட்டல் கியர்’ பிறந்தது அப்படி. காவலன் எந்தப் பக்கம் பார்க்கிறான், அவன் திரும்பும்வரை காத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. சுடுவது கடைசி வழி. துப்பாக்கி ஆட்டங்களுக்கு நடுவே, சத்தமில்லாமல் நடக்கும் ஒரு வகைமை அதிலிருந்து வளர்ந்தது.

ஜோர்டான் மெக்னரின் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ கதை இன்னும் அழகானது. ஓடுவதையும் தாவுவதையும் தம்பியை வைத்து வீடியோ எடுத்து, ஒவ்வொரு அசைவையும் படத்துக்குப் படம் பார்த்து வரைந்தார் மெக்னர். 1989-இல் ஆப்பிள் 2 கணினியில் அந்த இளவரசன் ஓடிய விதம் அதுவரை யாரும் பார்த்திராதது. ஆனால் அவனுடைய அசைவுகளே நினைவகத்தைத் தின்றுவிட்டன. சண்டை போட எதிரி வேண்டும் என்று நண்பர்கள் வற்புறுத்தினார்கள். எதிரியை வைக்க இடம் இல்லை. கடைசியில் மெக்னர் இளவரசனின் படத்தையே எடுத்து, ஒரு புள்ளி தள்ளி வைத்த அதே படத்தோடு ஒரு கணக்குச் செய்து பார்த்தார். உடல் கறுத்து, ஓரங்கள் மட்டும் ஒளிர, ஒரு நிழல் மனிதன் எழுந்து நின்றான். ஒரு பைட்கூடக் கூடுதல் படம் இல்லாமல் வந்தவன் அவன்.

இந்த உபாயத்திலிருந்து கதையும் பிறந்தது. வழியை மறிக்கும் கண்ணாடிக்குள் இளவரசன் பாய்கிறான். மறுபக்கத்திலிருந்து நிழல் குதித்து ஓடுகிறது. அவன் குடிக்க வேண்டிய மருந்தை அது குடிக்கிறது, அவன் போக வேண்டிய கதவை அது மூடுகிறது. இறுதியில் இருவரும் வாளோடு எதிரே நிற்கும்போது, நிழலை வெட்டினால் காயம் இளவரசனுக்கும் படுகிறது. வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடந்தால் இருவரும் ஒன்றாகிறார்கள். தாராளமான நினைவகம் இருந்திருந்தால் மெக்னர் அங்கே ஒரு சிப்பாயை நிறுத்தியிருப்பார், ஆட்டத்தின் மிகச் சிறந்த காட்சி இல்லாமல் போயிருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது.

குறுந்தகடு வந்ததும் சேமிப்புக்குப் பஞ்சம் தீர்ந்தது; நெருக்கடி வேறு இடத்துக்கு நகர்ந்தது. சோனியின் முதல் பிளேஸ்டேஷனில் தகடு நொடிக்கு 300 கிலோபைட் வேகத்தில்தான் படிக்கும். 2 மெகாபைட் நினைவகத்தை முழுவதும் நிரப்ப ஏறக்குறைய 7 நொடி. கேப்காம் நிறுவனத்தின் ‘ரெசிடென்ட் ஈவில்’ 1996-இல் வந்தபோது, ஓர் அறையிலிருந்து மறு அறைக்குப் போகும் அந்தக் காத்திருப்பில் இருட்டுக்குள் ஒரு கதவு மட்டும் தெரியும், மெல்லத் திறக்கும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ என்ற திகில் அந்த நொடிகளில் ஏறும். அதே ஆண்டு வந்த ‘கிராஷ் பேண்டிகூட்’ ஆட்டத்தை ஆண்டி காவினும் ஜேசன் ரூபினும் உருவாக்கினார்கள். முப்பரிமாண உருவங்களை முக்கோணங்களாகச் சேர்த்துத்தான் வரைய வேண்டும்; நாயகனையும் காட்டையும் வரைவதிலேயே எந்திரத்தின் முக்கோணக் கணக்கு தீர்ந்துவிட, திரை வெறிச்சோடிக் கிடந்தது. மரப்பெட்டிக்கு மிகக் குறைந்த முக்கோணங்கள் போதும் என்பதால் எங்கும் பெட்டிகளை அடுக்கினார்கள். பெட்டியை உடைப்பதே ஆட்டத்தின் அடையாளம் ஆயிற்று.

1999-இல் கொனாமியில் கெய்ச்சிரோ தொயாமா இயக்கிய ‘சைலன்ட் ஹில்’ ஒரு முழு ஊரையும் அதே பிளேஸ்டேஷனில் காட்ட விரும்பியது. எந்திரத்தால் சில அடி தூரத்துக்கு மேல் தெருவை வரைய முடியவில்லை. தொலைவில் வீடுகள் திடீர் திடீரென்று முளைப்பதைப் பார்த்தால் பயம் போய்விடும். ஆகவே ஊரை மூடுபனியால் மூடினார்கள். தொலைந்த மகளைத் தேடி வரும் தகப்பனுக்குப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கண் உதவாத இடத்தில் காது உதவ வேண்டும் என்று அவன் பையில் ஒரு ரேடியோவை வைத்தார்கள். ஏதோ ஒன்று நெருங்கும்போது அது இரையும். என்ன வருகிறது என்று தெரியாமல், வருகிறது என்பது மட்டும் தெரியும். வீடியோ கேம்களில் இதைவிடக் கொடிய பயத்தை உண்டாக்கியவை மிகச் சில.

எந்திரங்கள் வளர்ந்த பிறகும் பழைய அளவைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. ஜோசப் ஒயிட் உருவாக்கிய பிகோ-8 என்பது எங்கும் பொருளாக இல்லாத, மென்பொருளாக மட்டும் உள்ள ஒரு கேம் பெட்டி. 128-க்கு 128 புள்ளித் திரை, 16 நிறம், 32 கிலோபைட் கேசட் என்று அவரே வரம்பு கட்டினார். மேடி தோர்சனும் நோயல் பெரியும் அதில் நான்கே நாளில் செய்த மலையேறும் ஆட்டம்தான், 2018-இல் ‘செலஸ்ட்’ என்ற முழு ஆட்டமாக வளர்ந்தது.

மூடுபனியின் கதை இன்னும் நீள்கிறது. 2001-இல் இரண்டாம் ‘சைலன்ட் ஹில்’ பிளேஸ்டேஷன் 2-இல் வந்தபோது எந்திரம் பலமடங்கு வலுவானது, பனியை விலக்கியிருக்கலாம். அதை உருவாக்கியவர்கள் அதற்குள் பனிதான் அந்த ஊர் என்று கண்டுகொண்டிருந்தார்கள். அப்படியே வைத்தார்கள். 2012-இல் அந்த ஆட்டத்தைப் புதிய எந்திரங்களுக்காகத் தெளிவான படத்தோடு மறுபடி வெளியிட்டபோது, வேறொரு குழுவின் கையில் பனி மெலிந்துபோனது. ஏரியின் நீர் ஓரிடத்தில் கத்தியால் நறுக்கியது போல முடிவதும், அதற்கப்பால் எதுவுமே இல்லாததும் கண்ணுக்குத் தெரிந்தன. முதலில் வெளிவந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2024-இல் அந்த ஆட்டத்தைப் பிளேஸ்டேஷன் 5-க்காக முற்றிலும் புதிதாகச் செய்த குழு, பனியை மறுபடி ஊர் முழுவதும் நிரப்பியது. இந்த முறை அது எதையும் மறைப்பதற்காக வரவில்லை. வெளிச்சம் பட்டுச் சிதறி, சுருண்டு நகர்ந்து, தெருவில் கனமாகத் தேங்கும் பனி அது. அதை வரைவதற்கே எந்திரம் பாடுபட வேண்டியிருக்கிறது.